எடைக்கல்

பத்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டு வசந்தகோகிலா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தாளாம், பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டுதான் எடை மெஷினில் ஏறுவாளாம். "பட்டு முக்கால் கிலோ இருக்கும் மேடம், அதை எதுக்கு என் தலையில எழுதுறீங்க" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இந்த மூன்று மாதத்தில் உறையூர்ப் பெண்கள் எடையைக் குறைக்க என்னென்ன செய்வார்கள் என்று ஒரு புத்தகமே போடலாம். வளையலைக் கழற்றுவார்கள், கொண்டை ஊசியைக் கழற்றுவார்கள், தாலிச் சங்கிலியை மட்டும் கழற்றமாட்டார்கள், அதற்கு அரைக் கிலோ தள்ளுபடி கேட்பார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாண்டமங்கலத்தில் ஒரு அம்மா ஒற்றைக் காலில் நின்றார். "ஒரு காலுன்னா பாதிதானே காட்டும்" என்று கேட்டுவிட்டு, கீழே பார்த்து, எண் அப்படியே நிற்பதைக் கண்டு என்னமோ நான்தான் ஏமாற்றிவிட்டது போல முறைத்தார். அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மணி மூன்று. வெயில் ஜன்னல் கம்பி வழியாக இறங்கி மெஷின் மேல் விழுந்திருக்கிறது. புது மெஷின். உயரம் அளக்கும் பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன். இரண்டு மாடி ஏறி வந்ததற்கே கால் நடுங்குகிறது. ஜனவரியில் இதே பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறினேன். மடியில் நோட்டு. நோட்டில் இன்றைய தேதிக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் அதில் ஒரு எண்ணை எழுதியாக வேண்டும், அவ்வளவுதான் என் பிரச்சினை.

அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்ல, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் நாடு முழுக்க நடக்கிற ஒரு உடல்நலக் கணக்கெடுப்பின் கடைக்கோடி ஆட்கள். குலுக்கலில் விழுந்த வீடுகளுக்குப் போய் எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு எடுக்கிறோம். காலையில் கிளம்புமுன் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்கு எடைக்கற்கள் ஒரு பெட்டியில் வரும் என்றார்கள். மெஷின் வந்தது, பலகை வந்தது, தொப்பி கூட வந்தது, எடைக்கல் இன்றுவரை வரவில்லை. கனகசபை சார்தான் எங்கள் மேற்பார்வையாளர், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். தினமும் ஒரே ஆளை ஏற்றிப் பாருங்கள், முதல் நாள் எடை வந்தால் மெஷின் சரி என்றார். என் கூட்டாளி கௌசல்யா அப்போது மூன்று மாதக் கர்ப்பம், வாரத்துக்கு வாரம் எடை ஏறுவாள், அவள் ஆகமாட்டாள். "மேரியம்மா, உங்க எடை எங்க போகப் போகுது? நீங்கதான் நம்ம எடைக்கல்லு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். சகாயமேரி, வயது ஐம்பத்தொன்று, அறுபத்தேழு புள்ளி எட்டு என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் கட்டினோம். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம்மை ஒரு கணக்குக்கு ஆதாரமாக வைத்துக்கொள்கிறார்களே என்று. பதினோரு வருஷமாக என்னை யாரும் எதற்கும் ஆதாரமாக வைத்துக்கொண்டதில்லை.

முதல் மாதம் சரியாகத்தான் வந்தது, நூறு கிராம் அப்படி இப்படி. பிறகு அறுபத்தாறு புள்ளி ஆறு. தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், அதுதான் என்று நினைத்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. அப்புறம் அறுபத்தைந்து. அப்புறம் அறுபத்து நாலு புள்ளி ஏழு. போனில் சொன்னதும் கனகசபை சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மெஷின் குறைச்சுக் காட்டுதும்மா. பேட்டரியா இருக்கும். புதுசு வர்ற வரைக்கும் எவ்வளவு குறையுதோ அதை எல்லாருக்கும் கூட்டிப் போட்டுக்கங்க." கூட்டினோம். மூன்று கிலோ நூறு கூட்டினோம். அடுத்த வாரம் நாலு கிலோ நூறு கூட்டினோம். நேற்று ஆறரை கூட்டினோம். கௌசல்யா கால்குலேட்டரில் தட்டுவாள், நான் ரோஸ் அட்டையில் எடையையும் அதை உயரத்தால் வகுத்து வரும் எண்ணையும் எழுதிக் கொடுப்பேன். மூன்று வாரம், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தையல்கார நடராஜன் வாசல் வரை ஓடி வந்து அட்டையைக் காட்டிக் கேட்டார், இருபத்தைந்து புள்ளி நாலுன்னா நான் குண்டாம்மா என்று. இருபத்தைந்துக்கு மேலே போனால் எடை அதிகம் ஐயா, நடங்க என்றேன், டாக்டர் மாதிரி. இப்போது அந்த மனிதர் ராத்திரி இட்லியை விட்டுவிட்டு விடியற்காலையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் வேகு வேகென்று நடக்கிறாராம். போட்ட கணக்கை நேற்று ராத்திரி திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் இருபத்து மூன்று புள்ளி ஒன்பது. பேசாமல் இட்லி சாப்பிட்டிருக்கலாம். என்னிடமிருந்து போனதையெல்லாம் வழித்து ஊர்க்காரர்கள் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். என் மூன்று கிலோ, என் நாலு கிலோ, என் ஆறரை கிலோ. தெருத்தெருவாக ஆட்கள் என்னைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது.

உள்ளே பீரோ திறக்கிற சத்தம். இன்னும் நைட்டியே எடுக்கவில்லை போலிருக்கிறது. எடு, மெதுவாக எடு, எனக்கொன்றும் அவசரமில்லை. வேலைக்கு முன்னால் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண் கரும்பலகையில் எழுதி விளக்கினாள், கிலோவை உயரத்தால் வகுக்கணும், வந்ததை மறுபடி உயரத்தால் வகுக்கணும், உயரம் மீட்டரில் இருக்கணும். பதினெட்டரைக்குக் கீழே ஒல்லி, இருபத்தைந்து வரை சரி, அதற்கு மேலே அதிகம், முப்பதுக்கு மேலே உடல் பருமன். நாட்டில் நாலு பெண்களில் ஒருத்திக்கு எடை அதிகம், நம் மாநிலத்தில் பத்துக்கு நாலு என்றாள். பின்வரிசையில் யாரோ "மிச்ச ஆறு பேரு எங்கடி இருக்காளுங்க" என்று முணுமுணுத்தாள், ஏனென்றால் அந்த அறையில் இருந்த நாங்கள் எல்லாருமே அந்த நாலில்தான் இருந்தோம். அப்போது நான் இருபத்தொன்பது. பருமனுக்கு ஒரு படி கீழே. இன்று இருபத்தாறு புள்ளி ஒன்று. தினமும் வகுத்துப் பார்க்கிறேன், பஸ்ஸில், படுக்கையில், பல் தேய்க்கும்போது. இன்னும் இரண்டே முக்கால் கிலோ போனால் இருபத்தைந்துக்குக் கீழே வந்துவிடுவேன், அட்டவணைப்படி ஆரோக்கியம். பச்சைக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் நுழைகிற அன்றைக்கு நான் எந்த நிலையில் இருப்பேனோ. அட்டவணையில் தப்பு இல்லை. ஊரைப் பார்ப்பதற்காகச் செய்த அளவு அது, ஒருத்தி எதனால் ஏறினாள், எதனால் இறங்கினாள் என்று கேட்க அதற்கு வாய் கிடையாது. அந்தப் பயிற்சிப் பெண்கூட சொன்னாள், ஒரே ஒரு எண்ணை வைத்து ஒரு ஆளுக்கு வியாதி உண்டு, இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று. நான் நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். தவிர, நான் அந்தச் சதவீதத்தில் எங்கேயுமே கிடையாது. எங்கள் தெருவில் குலுக்கலில் விழுந்தது எதிர்வீடு. கணக்கெடுக்கப் போகிறவளை யாரும் கணக்கெடுக்க வருவதில்லை.

எல்லாரும் பாராட்டுகிறார்கள், அதுதான் வேடிக்கை. கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழுவில் பாடுகிற ரோஸ்லின் என் இடுப்பைப் பார்த்து, "என்ன மேரி, ரகசியமா வாக்கிங் போறியா, பத்து வயசு குறைஞ்சிட்ட" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். பாவாடை நாடா இப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று வருகிறது, ரவிக்கையில் ஊக்கு குத்தியிருக்கிறேன், வளையல் முழங்கை வரை போகிறது. சாப்பிடுகிறேனா என்றால் சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு என்று உலை வைக்கிறவள் என்ன சாப்பிடுவாளோ அது. காலையில் வைத்த ரசமே ராத்திரிக்கும். பதினோரு வருஷம் முன்னால் என் வீட்டுக்காரர் ஜெரோம் செத்துப்போனபிறகு கண்ணாடியை அலமாரிக்குள் வைத்தேன், திரும்ப வெளியே மாட்டவில்லை, முகத்துக்கு மட்டும் கைக்கண்ணாடி. ஜெரோம் இருந்திருந்தால் முதல் கிலோவிலேயே கண்டுபிடித்திருப்பார். அவருக்கு என்னைக் குண்டு என்றுதான் கூப்பிடத் தெரியும். "ஏ குண்டு, ஏன்டி கழுத்து எலும்பு தெரியுது?" என்று கேட்டிருப்பார். ஒரு வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது என்றால் அதுதான் போலிருக்கிறது. பணம் காசு, துணைக்குத் துணை, அதெல்லாம் அப்புறம். நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பார்க்க ஒரு ஜோடிக் கண். எனக்கு ஒரு மெஷின்தான் இருந்தது, அது தினமும் காலையில் உண்மையைச் சொன்னது, நாங்கள் அதைக் கெட்டுப்போச்சு என்று நேற்றுச் சாயங்காலம் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைத் தொடுகிறேன். குதிகாலைப் பலகையோடு ஒட்டி வைக்கிறேன், முழங்காலை அழுத்துகிறேன், தாடையைப் பிடித்து முகத்தை நேராக்குகிறேன். அத்தனை பேரும் கூச்சத்தோடு நிற்கிறார்கள். என்னைக் கடைசியாக யார் தொட்டது என்று யோசித்தேன். யோசித்து யோசித்துப் பாலக்கரையில் கண் பரிசோதித்த பையன்தான் நினைவுக்கு வந்தான், அவனும் இமையைத்தான் தூக்கினான். அம்மாவும் இப்படித்தான். சித்திரையில் மெலிந்தாள், நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஆடியில் போய்விட்டாள். வயிற்றில் என்னவோ என்றார்கள். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

ஒரு அஞ்சு கிலோ அரிசிப் பையை மெஷினில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து முட்டுகிறேன். மூன்று வாரமாக எத்தனை வீடுகளில் எத்தனை அரிசிப் பை. கௌசல்யா ஒரு நாள் கேட்டாள்கூட, "அக்கா, அரிசியை வச்சுப் பார்த்துடுவோமா?" என்று. "கடைக்காரன் எவ்வளவு குறைச்சுப் போட்டிருக்கானோ, அதை நம்பி மெஷினைப் பாக்கவா" என்றேன். எவ்வளவு சாமர்த்தியமாக வந்தது பதில். அவள் சிரித்தாள், விட்டுவிட்டாள். கடைக்காரன் அஞ்சு கிலோவில் மூன்று கிலோவா திருடுவான்? எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து தெரியும். தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ள ஒரு மெஷின் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். இன்று காலை அந்தப் பிடியும் போய்விட்டது. கௌசல்யா ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள், நான் மட்டும்தான் எங்கள் ஆபீஸ் அறையில். புது மெஷினைப் பிரித்தேன், பிளாஸ்டிக் வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அறுபத்தொன்று புள்ளி இரண்டு. இறங்கி ஏறினேன். அறுபத்தொன்று புள்ளி இரண்டு. மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்து ஏறினேன், தரை சரியில்லையோ என்று, ஐம்பத்தொரு வயசில் அந்தச் சமத்து. அதே. பழையது நேற்று காட்டியது அறுபத்தொன்று புள்ளி மூன்று. இரண்டு மெஷினும் சேர்ந்து பொய் சொல்லாது. பேனாவைத் திறந்தேன், மூடினேன். அறுபத்தேழு புள்ளி எட்டு என்று எழுதிவிட்டால் எல்லாம் நேராகிவிடும். பழையது பழுது, புதியது சரி, மேரியம்மா அப்படியே இருக்கிறாள். கணக்கெடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது, அப்புறம் என்னை எடை பார்க்கப்போவது யார்? அறுபத்தொன்று புள்ளி இரண்டு என்று எழுதினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் ஆஸ்பத்திரி வரும். ஆஸ்பத்திரி வரிசையில் துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். எனக்குச் சாவைவிட அந்தக் கேள்விதான் பயமாக இருக்கிறது, இதை யாரிடமாவது சொன்னால் அடிக்க வருவார்கள். எழுதாமலே கிளம்பிவிட்டேன். இந்த வீட்டு அளவை எடுத்ததும் எழுத வேண்டும், ஆறு மணிக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

கதவு திறந்தது. வசந்தகோகிலா நைட்டியில் நின்றாள், கழுத்துச் சங்கிலி தவிர எல்லாவற்றையும் கழற்றியிருந்தாள், தலைப் பூவைக்கூட. முகத்தைக் கழுவியிருந்தாள். அழுதிருப்பாளோ என்று தோன்றியது. "எங்க வீட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு மேடம். உன்னை ஏத்த லாரி எடை மேடைக்குத்தான் போகணும்பாரு" என்று சொல்லிக்கொண்டே மெஷின் முன்னால் வந்து நின்றாள், ஏறவில்லை. "நீங்க ஏறுங்க முதல்ல. நீங்க ஏறினா நான் ஏறுறேன்." மற்ற வீட்டில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அரை மணி நேரமாக என்னோடு நானே பேசிக் களைத்துப்போயிருந்தேன். ஏறினேன். அவள் குனிந்து பார்த்தாள். "அறுபது புள்ளி ஒம்போது!" என்றாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதில் ஒரு முந்நூறு கிராம் போயிருக்கும். அவள் கண்ணில் அப்படியொரு ஏக்கம். "முன்ன எவ்வளவு இருந்தீங்க?"

"அறுபத்தேழு, அறுபத்தெட்டு."

"எப்படிக்கா குறைச்சீங்க? சொல்லுங்கக்கா, நானும் பேலியோ டயட்டு, அது இதுன்னு எல்லாம் பார்த்துட்டேன், ஒரு கிலோ இறங்க மாட்டேங்குது." மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

"நான் குறைக்கலம்மா" என்றேன். "அதுவா போகுது."

என் வாயிலிருந்துதான் வந்தது. அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்தது முகத்தில் தெரிந்தது, நான் மெஷினிலிருந்து இறங்கிவிட்டேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் வேறொன்றும் கேட்காமல் மெஷினில் ஏறி நின்றாள், மூச்சைக்கூடப் பிடிக்கவில்லை. எண்பத்து நாலு புள்ளி ஆறு. கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. உயரம் நூற்று ஐம்பத்தாறு. அட்டையில் முப்பத்து நாலு புள்ளி எட்டு என்று எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கனகசபை சார்.

"என்னம்மா, புது மெஷின் எப்படி? கணக்கு சரியா வருதா?"

சரியாக வருகிறது என்று சொல்ல நாக்கு எழுந்தது. "சரியா வருது சார். பழசும் சரிதான்."

"பழசா? ஆறரை கிலோ இடிச்சுதேம்மா? அப்ப யாருதான் தப்பு?"

"நான்தான் சார்."

பின்னால் எங்கோ தட்டச்சு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்ப அந்த இருநூத்திப் பன்னெண்டு பேரு..." என்று ஆரம்பித்தார்.

"கூட்டினதைக் கழிச்சிரலாம் சார். எல்லாம் நோட்டுல இருக்கு. ஒவ்வொரு வீடா போய் நான் அட்டையை மாத்திக் குடுத்துடுறேன்."

"அது கிடக்கட்டும்மா." குரல் மாறிவிட்டது. "எத்தனை நாளா?"

"ஒன்றரை மாசமா."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"மெஷின்தான்னு நினைச்சேன் சார்" என்றேன். சொன்னதும் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்தது. "மெஷினா இருக்கணும்னு நினைச்சேன்."

நோட்டைக் கொண்டுவரச் சொல்வார், அறிக்கை எழுதச் சொல்வார் என்று காத்திருந்தேன். "இப்ப எந்த வீட்டுல இருக்கீங்க? கதவு நம்பர் சொல்லுங்க, நான் வர்றேன்" என்றார். இந்த மூன்று மாதத்தில் அவர் ஒரு வீட்டுக்கும் வந்ததில்லை. நம்பர் எனக்கு நினைவுக்கு வரவில்லை, காலையிலிருந்து எத்தனை கதவு. வசந்தகோகிலா என் பக்கத்தில் வந்து நின்று, போனில் கேட்கும்படி உரக்கச் சொன்னாள், பதினேழு பை நாலு, ரெண்டாவது மாடி, மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள வரணும் என்று. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன், நான் அழுவது அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று.